சளியும் சனியும்

காரைக்காலில் ஐப்பசி பிறந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. கிழக்கே கடல் மேல் கருமேகம் கூடும். அரசலாற்றுத் தண்ணீர் கலங்கி வரும். வீதியோடு நடந்து போனால் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கும். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எங்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டதென்று அர்த்தம். வடதேசத்தாருக்குக் குளிர்காலம் என்றால் உறைபனியும் கம்பளியும். காவிரியின் கடைமடையிலே வசிக்கிற எங்களுக்கோ அது ஈரத் துணியும், சாத்திய ஜன்னலும், அடைத்த மூக்குந்தான்.

ஒருவர் தும்மினால், பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் "நூறு ஆயுசு!" என்று வாழ்த்துவது நம் வழக்கம். தும்மினவருக்கு நூறு வயது கிடைக்கட்டும்; எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தத் தும்மலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருடைய ஆயுசைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் கவலைப்பட்டவனல்ல. கவலைப்படக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதைக்குப் போவதற்கு முன்னால் வாசகர்கள் என்னோடு திருநள்ளாறு வரையில் வரவேண்டும். தூரம் அதிகமில்லை; காரைக்காலிலிருந்து மேற்கே மூன்று மைல்தான். சனிப்பெயர்ச்சியின்போது அந்தச் சிற்றூரில் கூடும் ஜனத்திரளைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. நள தீர்த்தத்தில் நீராடினால் சனி விலகும் என்பது நம்பிக்கை. நளனைச் சனி பிடித்த விதம் எப்படி என்பதை, எங்கள் ஊர்க் குழந்தைகள் அரிச்சுவடி படிப்பதற்கு முன்பே கேட்டிருப்பார்கள். பாரதத்தில் நளனைப் பிடித்தவன் கலி. எங்கள் பாட்டிமார் சொல்லும் கதையில் சனீசுவரன். யாராயிருந்தாலும் பிடித்த வழி ஒன்றுதான். பன்னிரண்டு வருஷம் அவன் நளனுடைய வாசலிலே காத்திருந்தானாம். உள்ளே நுழைய ஓர் இடுக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நாள் நளன் அவசரத்தில் காலைச் சரியாகக் கழுவாமல் பூஜைக்குப் போய்விட்டான். குதிகாலில் ஒரு சிறு இடம் நனையவில்லை. அது போதும்! அந்த வழியாகவே சனி உள்ளே புகுந்துவிட்டான்.

"இத்தனை பெரிய ராஜா, இத்துனூண்டு குதிகாலுக்காகவா ராஜ்யத்தை இழந்தான்?" என்று சிறுவயதில் நான் சிரித்ததுண்டு. சனிக்கும் சளிக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்பதும், இரண்டையும் நாம் "பிடித்தது" என்றே சொல்கிறோம் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி என் கதை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். கும்பகோணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். மழைக்குப் பயந்து பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையும் இறுக மூடியிருந்தன. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் வழிநெடுக இருமிக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. மூக்கிலே ஒரு நமநமப்பு. அன்றைக்குத்தான் திருக்கார்த்திகை. கார்த்திகைக்கு அத்தை வீட்டுக்குப் போய் விளக்கேற்றிப் பொரி உருண்டை தின்னாமல் நான் ஒரு வருஷமும் இருந்ததில்லை. "உடம்பு சரியில்லாமல் எதற்காகப் போகவேண்டும்?" என்று என் மனைவி கேட்டாள். "வெறும் ஜலதோஷம்! இதற்காகப் பெரியவர்கள் மனம் நோகலாமா?" என்று நான் பதில் சொன்னேன். பெரியவர்களிடத்தில் நான் வைத்திருந்த மரியாதை அப்பேர்ப்பட்டது.

அத்தைக்கு அப்போது எழுபத்தாறு வயது. பழைய காலத்து ஓட்டு வீடு, நடுவிலே முற்றம். சாரல் அடிக்கிறதென்று முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூடியிருந்தார்கள். ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். நான் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தேன், அந்தக் கையாலேயே தாம்பாளத்திலிருந்து ஒரு பொரி உருண்டையை எடுத்து, பாதியாக உடைத்து, "அத்தை, நீங்கள் ஒன்றுமே சாப்பிடவில்லையே!" என்று அவர் கையில் கொடுத்தேன். அவரும் ஆசையோடு வாங்கிச் சாப்பிட்டார். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினேன், நடுநடுவே தும்மினேன். ஒவ்வொரு தும்மலுக்கும் அத்தை "நூறு ஆயுசு, தம்பி!" என்று வாழ்த்தினார்.

மூன்றாம் நாள் அத்தைக்கு ஜுரம். நான்காம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்புளுயன்ஸா ஜுரம் நுரையீரலில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். "வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருந்ததா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. படுத்திருந்த அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு, மூச்சை இழுத்து இழுத்து, "கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய் மழையில் நனைந்துவிட்டேன், டாக்டர் ஐயா. அதனால்தான்" என்றார்.

அத்தை அன்று மழையில் நனையவில்லை. வாசலை விட்டே இறங்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு அத்தை வீடு திரும்பினார். உயிர் பிழைத்தார், ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது, பிட்சாடனர் வீதியில் எழுந்தருளும் சமயம், வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். அத்தை தம் கையால் ஒரு கூடை பழம் இறைக்காத வருஷம் கிடையாது. அந்த ஆனி மாதம் அத்தை மாடி ஏறவில்லை. கூடையைப் பேரனிடம் கொடுத்துவிட்டுக் கீழே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பழம் பிடிக்க ஓடிய கூட்டத்தில் நானும் நின்றேன். ஆனால் ஒரு பழத்தைக்கூடப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வியாதியைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் பெயர். இன்புளுயன்ஸா என்பது இத்தாலியப் பாஷைச் சொல். ஆதிக்கம் என்று பொருள். வானத்துக் கிரக நட்சத்திரங்களின் ஆதிக்கத்தால் வருகிற வியாதி என்று அந்த நாட்டார் ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆகவே கிரகத்தின் மேல் பழி போடுகிற பழக்கம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல! பிரெஞ்சுக்காரர்கள் இதை "கிரிப்" என்பார்கள். கப்பென்று பிடிக்கிறது என்ற பொருளில் பிறந்த சொல் அது. 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த எங்கள் ஊரில், அவர்களுடைய பட்டாளத்தில் சேவித்துப் பென்ஷன் வாங்கிய "சொல்தா" தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். சளி ஜுரம் வந்தால் அவர் "கிரிப்பு பிடித்துவிட்டது" என்பார். பிரெஞ்சும் தமிழும் அவர் வாயில் ஒரே பொருளை இரண்டு தடவை சொல்லின என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

இந்த ஜுரத்தை "வெறும் ஜலதோஷம்" என்று நான் சொன்னேன் அல்லவா? 1918-ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இது நம் தேசத்துக்குள் புகுந்தது. சில மாதங்களுக்குள் இந்தியாவில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1 கோடியே 80 லட்சம் வரையில் இருக்கலாம் என்பாரும் உண்டு. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் முந்தின கணக்கைவிடப் பிந்தின கணக்கு குறைந்து போனது ஒரே ஒரு தடவைதான்: 1911-க்கும் 1921-க்கும் இடையில். 1957-இலோ, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் மூலம் இது சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து தேசமெங்கும் பரவியது. 2009-இல் "பன்றிக் காய்ச்சல்" என்ற பெயரோடு விமானம் ஏறி வந்தது. இவையெல்லாம் பெரிய படையெடுப்புகள். படையெடுப்பு இல்லாத சாதாரண வருஷங்களிலேயே உலகத்தில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரையில் இதனால் மூச்சுக் கோளாறு கண்டு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எங்கள் அத்தையைப் போன்றவர்கள்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி என்பது 1933-இல் லண்டனில் தெரியவந்தது. கீரியின் சாயலுள்ள ஒரு சிறு பிராணிக்கு இந்த ஜுரத்தை வரவழைத்து விஞ்ஞானிகள் சோதித்தார்கள். சோதித்தவர்களில் ஒருவரான வில்ஸன் ஸ்மித்தையும் அதே ஜுரம் பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து எடுத்த கிருமிக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துக்களையே வைத்தார்கள். பெரிய விஞ்ஞானியின் ஆராய்ச்சிசாலைக்குள்ளேயே இது நுழையுமானால், என் அத்தை வீட்டுக்குள் நுழைய எத்தனை நாழியாகும்?

நிற்க. கிருமிதான் காரணமென்றால், மழை குற்றவாளியல்ல. மழையில் நனைவதாலும், தயிர் சாப்பிடுவதாலும், தலைக்குக் குளிப்பதாலும் இன்புளுயன்ஸா உண்டாவதில்லை. அது ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு வருகிறது. இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றின் மூலம் பறக்கும் நுண்ணிய துளிகளிலும், அவை பட்ட கையிலும் ஏறி வருகிறது. ஆனால் மழைக்கு இதில் ஒரு பங்கு இல்லாமலும் இல்லை. மழை நம்மை வீட்டுக்குள் கூட்டி, ஜன்னலைச் சாத்த வைக்கிறது. காஷ்மீரத்தில் இந்த ஜுரம் தை, மாசிப் பனியில் தலையெடுக்கும். நம்முடைய கீழைக் கடற்கரையிலோ வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. ஆகையால் எங்கள் ஊரில் ஜாக்கிரதை தொடங்கவேண்டிய மாதம் மார்கழியல்ல, புரட்டாசி.

என்ன ஜாக்கிரதை? சொன்னால் சிரிப்பீர்கள். அவ்வளவு அற்பமான காரியங்கள் அவை.

முதலாவது, கை கழுவுதல். நம் முன்னோர் வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, வெளியே போய் வந்தவர்களைக் கால் கழுவச் சொன்னார்கள். நல்ல வழக்கம். ஆனால் இந்தக் கிருமி கால் வழியே வருவதில்லை. கை வழியே வருகிறது. கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது. வெறும் தண்ணீரில் விரல் நுனியை நனைப்பது நளன் கால் கழுவிய கதைதான். ஒன்றிலிருந்து இருபது வரையில் நிதானமாக எண்ணுகிற நேரம், விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவாத கையால் கண்ணையும் மூக்கையும் தொடக்கூடாது. இந்த இரண்டாவது விதி மிகவும் கஷ்டமானது. அரை மணி நேரம் முயன்று பார்த்தால் வாசகர்களுக்கே தெரியும்.

இரண்டாவது, துண்டும் முந்தானையும். நம் வீடுகளில் குழந்தையின் மூக்கைத் துடைப்பதும், தட்டைத் துடைப்பதும், விருந்தாளிக்கு முன்னால் நாற்காலியைத் துடைப்பதும் ஒரே முந்தானைதான். ஆண்களின் தோள் துண்டைப் பற்றி நான் பேசாமலிருப்பதே நலம். இருமலோ தும்மலோ வந்தால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். அல்லது தனிக் கைக்குட்டை வைத்துக்கொண்டு அதைத் தினம் துவைக்க வேண்டும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது, எச்சில் பட்டதைப் பிறருக்குக் கொடுக்காதிருப்பது முதலிய பழைய ஆசாரங்களில் இந்த விஷயத்துக்கு உதவுகிறவை பல உண்டு. அவற்றைக் கைவிட நான் அவசரப்பட மாட்டேன்.

மூன்றாவது, காற்று. அந்தக் காலத்து வீட்டின் முற்றம் வெளிச்சத்துக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. உள்ளே சேர்ந்த மூச்சுக்காற்று மேலே போகவும் அதுதான் வழி. முற்றத்துக்குத் தகரமும், ஜன்னலுக்குக் கண்ணாடியும், அறைக்குக் குளிர்சாதனமும் போட்டு, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கும்படி நாம் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலையாவது ஒரு சாண் திறந்து வைக்கலாம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: நோய் கண்டவர் வீட்டோடு இருப்பது. ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே இது தொற்றக்கூடியது; தெரிந்தபின் ஐந்தாறு நாள் வரையில் தொற்றும். ஆனால் நம் சமூகத்தில் ஜுரத்தோடு கலியாணத்துக்கு வருகிறவர் பாசமுள்ளவர். இருமலோடு ஆபீசுக்குப் போகிறவர் கடமை வீரர். மூக்கொழுகப் பள்ளிக்கூடம் போய், ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு! வராதவர் மேல்தான் மனஸ்தாபம். இந்த மனஸ்தாபத்துக்குப் பயந்துதான் நான் அன்று அத்தை வீட்டுக்குப் போனேன். போயே தீரவேண்டுமென்றால் முகக்கவசம் அணிந்து போகலாம். 2020-இல் வாங்கியவை எல்லோர் வீட்டு அலமாரியிலும் இன்னும் இருக்கின்றன.

ஐந்தாவது, தடுப்பூசி. இந்தக் கிருமி வருஷந்தோறும் வேஷம் மாற்றுகிற பேர்வழி. ஆகவே ஊசியும் வருஷந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் பலன் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது உத்தமம். முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சர்க்கரை வியாதி, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் இதைப் பற்றித் தங்கள் டாக்டரை அவசியம் கலந்துகொள்ள வேண்டும். ஊசி போட்டால் ஜுரமே வராது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரி வரையில் போகாமல் தடுக்கும் சக்தி அதற்கு உண்டு.

"அப்படியானால் மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் வேண்டாமா?" என்று யாராவது கேட்கலாம். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, ஆசையும் இல்லை. சூடான ரசம் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர், மனத்துக்கு ஆறுதல். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. மீந்துபோன ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி விழுங்குவதும் வீண், அது பாக்டீரியாவுக்கு எமன், வைரஸுக்கு அல்ல. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவுக் குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்தல், தணிந்த ஜுரம் மறுபடி ஏறுதல் — இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டும். முதியவர்களை இன்னும் முன்னதாகவே காட்டுவது நல்லது. இதற்கென்று உள்ள வைரஸ் மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இத்தனை சிறிய காரியங்களால் இத்தனை பெரிய வியாதி அடங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனாவுக்குப் பயந்து 2020-இல் உலகமே கை கழுவியது; முகத்தை மூடியது; வீட்டிலிருந்தது. அந்த வருஷத்தில் இன்புளுயன்ஸா உலகமெங்கும் அதிசயிக்கத்தக்க அளவில் ஒடுங்கிப்போயிற்று. அதன் வம்சங்களில் "பி யமகாட்டா" என்ற ஒரு கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவேயில்லை. ஊசி மருந்தில் அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிவிட்டது. நாம் வேறொருவனுக்காகக் கதவைச் சாத்தினோம். இவன் வாசலில் காத்திருந்து காத்திருந்து வம்சம் அற்றுப்போனான்!

போன கார்த்திகைக்குக் காலையில் எழுந்தபோது எனக்கு இரண்டு தும்மல் வந்தது. மாலையில் அத்தை வீட்டுக்குப் போனேன், உள்ளே போகவில்லை. முகக்கவசத்தோடு வாசலில் நின்று, கடையில் வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றேன். அத்தை ஜன்னலண்டை வந்தார். இப்போது அவருக்குக் காது சற்று மந்தம்.

"ஏன் தம்பி, உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிறாய்? யார் மேலாவது கோபமா?" என்றார்.

"கோபமில்லை, அத்தை. சளி!" என்று உரக்கச் சொன்னேன்.

"சனியா?"

"இரண்டும் ஒன்றுதான், அத்தை!"

அத்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பிறகு சிரித்தார்.

"அப்படியானால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள். ஆனியில் வா. உன்னைக் கொண்டு ஒரு கூடை பழம் இறைக்கச் சொல்லுகிறேன்" என்றார்.